கடலோரத்தில் ஓர் அடைக்கலம்

வீடு என்றால் என்ன? பொறியாளரைக் கேட்டால் சுவரையும் கூரையையும் காட்டுவார். வழக்கறிஞரைக் கேட்டால் பத்திரத்தைக் காட்டுவார். தாயைக் கேட்டால் அடுப்பையும் தொட்டிலையும் காட்டுவாள். தாய்லாந்து மக்களைக் கேட்டால் 'பான்' என்னும் ஒரு சொல்லை விடையாகத் தருவார்கள். அச்சொல்லுக்கு வீடு என்றும் பொருள் உண்டு. ஊர் என்றும் பொருள் உண்டு. ஊரை நீக்கிவிட்டு வீட்டை மட்டும் தனியே எண்ண அம்மொழி இடம் தருவதில்லை போலும்! அந்தச் சொல்லில் பெரிய உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது என்பதை ஒரு சிறிய கடலோர ஊரைக் கொண்டு விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பாங்காக்கின் மாடமாளிகைகளைப் பற்றிப் பேசுவோர் பலர். புக்கெட் தீவின் கடற்கரையைப் பற்றி எழுதுவோர் அவரினும் பலர். நான் சொல்லவிருப்பது அவ்விரண்டும் அல்லாத தகுவாபா என்னும் ஊரைப் பற்றி. அங்கே சில வாரங்கள் தங்கி, அவ்வூர் மக்கள் எவ்வெவ்வகை வீடுகளில் வாழ்கிறார்கள், எதைத் தேர்ந்தால் எதைப் பெறுகிறார்கள், எதை இழக்கிறார்கள் என்று பார்த்து வந்தேன். கட்டடக்கலை பயிலும் மாணவருக்கு மட்டும் அன்று, வாழ்க்கையில் என்றேனும் ஒரு வீடு தேடப்போகும் எல்லா மாணவருக்கும் அது பயன்படும் என்று எண்ணுகிறேன்.

முதலில் ஊரை அறிந்துகொள்வோம். தாய்லாந்தின் படத்தைப் பார்த்தால், யானையின் துதிக்கை போலத் தெற்கு நோக்கி ஒரு நிலப்பகுதி நீண்டு செல்வதைக் காணலாம். அதன் கிழக்கே தாய்லாந்து வளைகுடா. மேற்கே அந்தமான் கடல். மேற்குக் கரையில் பாங் நா என்று ஒரு மாகாணம். அம்மாகாணத்தைச் சேர்ந்ததே தகுவாபா. 1932 வரை அது தானே ஒரு தனி மாகாணமாக இருந்தது. அதன்பின் பாங் நாவுடன் இணைந்து மாவட்டமாயிற்று. 'தகுவா' என்றால் ஈயம். 'பா' என்றால் காடு. அவ்வட்டாரத்து மண்ணில் வெள்ளீயம் மிகுதி. அதைத் தேடிச் சீனரும் பிறரும் வந்து குடியேறினர். சுரங்கம் பெருகப் பெருக ஊரும் பெருகிற்று. சுரங்கத்திலிருந்து வந்த மண் ஆற்றை மேடாக்கவே, பழைய கடைத்தெருவின் மதிப்புக் குறைந்து, சில கிலோமீட்டர் தொலைவில் புதிய கடைவீதி எழுந்தது. ஆகவே இன்று தகுவாபா ஓர் ஊர் அன்று. பழைய ஊர், புதிய ஊர், கடற்கரைக் குப்பங்கள் எனப் பல துண்டுகளாகக் கிடக்கும் ஊர்த் தொகுதி.

தமிழருக்கு அந்த ஊர் முற்றிலும் அயலானது அன்று. அங்கே ஒரு குன்றின் அருகே 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. எழுத்தின் அமைப்பைக் கொண்டு அது ஏறத்தாழ 9 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர் அறிஞர். 'அவனி நாரணம்' என்னும் பெயருடைய ஒரு குளம் அங்கே வெட்டப்பட்டதையும், அக்குளம் மணிக்கிராமத்தார் முதலியோரின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் அக்கல் கூறுகிறது. மணிக்கிராமத்தார் என்போர் கடல் கடந்து வாணிகம் செய்த வணிகர் குழுவினர். குளத்தை வெட்டினவர் அத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணவில்லை. அதை யார் காப்பது என்பதையும் கல்லிலே பொறித்து வைத்தார்கள். அதற்கு அவர்கள் வழங்கிய சொல் 'அடைக்கலம்' என்பது. மாணவர்களே, இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பற்றிய பேச்சில் அது நமக்கு மீண்டும் தேவைப்படும்.

இனி வீடுகளுக்கு வருவோம். தகுவாபாவில் வீடு தேடுவோர் முதலில் எண்ணவேண்டியது மழையை. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலிலிருந்து நேரே வந்து மலைகளில் மோதுகிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் இடம் அது. மழை நின்ற பின்னும் ஈரம் நிற்பதில்லை. துணி உலராது, புத்தகத்தில் பூசணம் பூக்கும், இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே அங்கே நல்ல வீடு என்பது மழையைத் தடுப்பது மட்டும் அன்று. ஈரத்தை வெளியே அனுப்புவதும் ஆகும்.

இந்தக் கணக்கைப் பழங்காலத்து மரவீடு நன்றாகவே போட்டிருக்கிறது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு எழுப்பிய தூண்கள், அவற்றின்மேல் பலகைத் தளம், பலகைச் சுவர், சரிவான கூரை. தளத்தின் அடியில் காற்று உலவும். வெள்ளம் வந்தால் தண்ணீரும் உலவிவிட்டுப் போகும். தாய்லாந்தின் நடுப்பகுதியில் தூண்களை மண்ணில் புதைப்பது வழக்கம். தெற்கே அப்படிச் செய்வதில்லை. ஈர மண்ணில் புதைத்த மரம் விரைவில் இற்றுப்போகும் அல்லவா? ஆகவே கல்லாலோ சிமெண்டாலோ ஒரு பீடம் அமைத்து, அதன்மேல் தூணை நிறுத்துகிறார்கள். அப்பீடத்துக்குத் 'தூணின் பாதம்' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. மனிதன் செருப்பு அணிவதுபோல் வீடும் அணிந்துகொள்கிறது என்று சொல்லலாம்!

இதனால் மற்றொரு வசதியும் உண்டு. தூண்கள் மண்ணில் வேரூன்றாமையால், வேண்டும்போது வீட்டையே பெயர்த்து வேறிடத்தில் வைக்க முடியும். முற்காலத்தில் அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து, வீட்டைத் தோள்மேல் தூக்கிச் சென்று புதிய பீடங்களில் இறக்குவார்களாம். வீட்டுக்காரர் அன்று எல்லோருக்கும் உணவு படைப்பார். இத்தகைய ஊரில் தனி ஒருவன் எவ்வளவு செல்வனாயினும் தன் வீட்டைத் தானே தூக்க முடியாது. அண்டை வீட்டார் வேண்டும். 'பான்' என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றாகும் இடம் இது.

இவ்வளவு நல்ல மரவீட்டை ஏன் இன்று புதிதாகக் கட்டுவோர் அரிதாயினர்? காரணம் காட்டிலே இருக்கிறது. 1988 நவம்பரில் தென் தாய்லாந்தில், நகோன் சி தம்மராத் மாகாணத்தில் பெருவெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டுப் பல உயிர்களைக் கொண்டுபோயின. மலைச்சரிவில் மரங்களை வெட்டியதே அழிவைப் பெருக்கியது என்று மக்கள் குமுறினர். 1989 தொடக்கத்தில் அரசாங்கம் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நாடு முழுவதும் தடை செய்தது. காடு காக்கப்படவேண்டியதே, ஐயமில்லை. ஆனால் அதன் பயனாக நல்ல மரம் செல்வருக்கு உரிய பொருளாயிற்று. ஒரு காலத்தில் ஏழை வீடாக இருந்த மரவீடு இன்று வசதியுள்ளோர் விரும்பிக் கட்டும் வீடாகிவிட்டது. சரக்கு அருகினால் பெருமை ஏறும் என்பது வீட்டுக்கும் பொருந்துகிறது.

இரண்டாம் வகை, பழைய ஊரில் வரிசையாக நிற்கும் கடைவீடுகள். வெள்ளீயத்தால் செழித்த சீன வணிகர் கட்டியவை அவை. புக்கெட், பினாங்கு ஆகிய ஊர்களிலும் இவ்வகை வீடுகளைக் காணலாம். முகப்புச் சிறியது, உட்புறம் நெடியது. கீழே கடை, மேலே குடியிருப்பு. தடித்த செங்கற்சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வளைவான சாளரங்கள். ஒவ்வொரு வீட்டின் முன்பும் மாடியின் அடியில் ஒரு நடை உண்டு. எல்லா வீட்டு நடைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து தெருவின் நீளத்துக்கும் நிழற்பாதையாகின்றன. மழையில் நனையாமல் கடைத்தெரு முழுவதும் நடந்துவிடலாம். நெடிய வீட்டின் நடுவில் வானம் பார்த்த ஒரு முற்றம். வெளிச்சமும் காற்றும் அதன்வழியே இறங்கிவரும். வெப்பம் அதன்வழியே ஏறிப்போகும்.

நான் தங்கியது அத்தகைய கடைவீடு ஒன்றின் மாடியறையில். வீட்டுக்கு உரிய அம்மையார் எழுபது வயதைக் கடந்தவர். கீழேயிருந்த கடை மூடிக் கிடந்தது. பிள்ளைகளில் ஒருவர் புக்கெட்டிலும் ஒருவர் பாங்காக்கிலும் வேலை பார்க்கிறார்கள். "இந்த வீட்டில் அறைகள் கூடிவிட்டன, ஆட்கள் குறைந்துவிட்டார்கள்" என்று அவர் சொன்னதை, உடனிருந்த கல்லூரி மாணவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். 1985 இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை வீழ்ந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை போன வழியே இளைஞரும் போயினர். பழைய தெருவில் பூட்டிய கதவுகளைக் கண்டால், வீட்டின் ஆயுள் சுவரின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று, ஊரின் தொழிலையும் பொறுத்தது என்பது புலனாகும். இக்காலத்தில் அத்தெருவில் விடுமுறை நாட்சந்தை கூடுகிறது. சில வீடுகள் சிற்றுண்டிச் சாலைகளாகவும் விடுதிகளாகவும் உயிர் பெற்றிருக்கின்றன. ஆயினும் பழைய கட்டடத்தைப் பேணுவது எளிதன்று. ஓடு மாற்ற வேண்டும். சுண்ணாம்பு பூச வேண்டும். முற்றத்து நீர் வடிகாலைத் தூர்க்காமல் காக்க வேண்டும். வாடகை குறைவு என்று எண்ணி வருவோர் இந்தச் செலவையும் எண்ணவேண்டும்.

மூன்றாம் வகை, இன்று பெரும்பாலோர் வாழும் வீடு: கம்பியிட்ட காரைத் தூண்கள், சிமெண்டுக் கல் சுவர், ஓட்டுக் கூரை அல்லது தகரக் கூரை. புதிய ஊரின் கடைவீதியில் மூன்று நான்கு மாடிகளாக நிற்கும் கடை வரிசைகளும், சாலையோரத்தில் தனித்தனியே நிற்கும் ஒற்றை மாடி வீடுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. விரைவில் கட்டலாம், கரையான் அரிக்காது, வங்கி கடன் தரும். வீட்டுக்கடன் வழங்குவதற்கென்றே தாய்லாந்தில் அரசாங்க வங்கி ஒன்று 1953 இல் நிறுவப்பட்டது. குறையும் உண்டு. தரையோடு ஒட்டி நிற்பதால் வெள்ளத்தின் வழியில் நிற்கிறது. சிறிய சாளரங்களால் வெப்பத்தைச் சிறைப்படுத்துகிறது. பழைய வீடு காற்றால் பெற்ற குளிர்ச்சியைப் புதிய வீடு மின்சாரத்தால் பெறுகிறது. மாதந்தோறும் அதற்கு விலை கொடுக்கிறது.

வீடு கட்ட வசதி இல்லாதோர் என் செய்வர்? ஆசிரியர், மருத்துவமனை ஊழியர் போன்ற அரசாங்கப் பணியாளருக்குப் பணியிடத்தோடு சேர்ந்த குடியிருப்புகள் உண்டு, எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மற்றவர் வரிசை அறைகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஓர் அறை, பின்னால் குளியலறை, முன்னால் துவைத்த துணி உலரும் சிறு தாழ்வாரம் என்று பத்துப் பன்னிரண்டு அறைகள் ஒரே கூரையின்கீழ் நிற்கும். இன்னும் கீழான நிலையில் இருப்போர் மியன்மாரிலிருந்து வந்த தொழிலாளர். மீன்பிடி படகிலும், இரப்பர்த் தோட்டத்திலும், கட்டட வேலையிலும் அவர்களே முதுகெலும்பு. முதலாளி காட்டிய தகரக் கொட்டகையே அவர்களில் பலருக்கு வீடு. வேலை போனால் அன்றே வீடும் போகும். பிறருக்கு மாளிகை எழுப்பும் கைகளுக்குத் தனக்கென ஒரு கதவு இல்லை என்பது உலகத்தில் பழைய செய்திதான். ஆனால் பழையது என்பதற்காக அது நியாயமாகிவிடாது.

நான்காம் வகை, வெளிநாட்டார் தேடும் வீடு. தகுவாபாவுக்குத் தெற்கே காவ் லாக் என்னும் கடற்கரை சுற்றுலாத் தலமாக வளர்ந்திருக்கிறது. குளிர்நாட்டு முதியோர் பலர் ஓய்வுக் காலத்தைக் கழிக்க அங்கே வருகிறார்கள். அவர்களுக்குத் தாய்லாந்துச் சட்டம் வகுத்த எல்லை தெளிவானது. வெளிநாட்டார் பொதுவாக அங்கே நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு பகுதியைத் தம் பெயரில் வாங்கலாம். ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 49 பங்குக்கு மேல் வெளிநாட்டார் கையில் இருக்கக்கூடாது. நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம். ஒரு குத்தகையின் எல்லை 30 ஆண்டு. மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாகவேண்டும். நிலம் ஒருவருடையதாகவும் அதன்மேல் நிற்கும் கட்டடம் வேறொருவருடையதாகவும் இருக்க அச்சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டார் ஒருவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர் அச்செய்தியை 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். சிறிய நாடு தன் மண்ணைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு என்று இதைக் கொள்ளலாம்.

ஆனால் அந்நாட்டு மக்களுக்கே அந்த மண்ணின்மேல் உரிமை உறுதியாக இருக்கிறதா? இங்கேதான் நம் பேச்சின் உள்ளீடு இருக்கிறது.

தாய்லாந்தில் நிலச்சட்டம் 1954 இல் இயற்றப்பட்டது. அதன்படி நிலத்துக்குப் பலவகை ஆவணங்கள் உண்டு. ஆவணத்தின் தலையில் அந்நாட்டின் சின்னமாகிய கருடன் உருவம் இருக்கும். கருடன் சிவப்பாக இருந்தால் முழு உரிமைப் பத்திரம். அளந்து எல்லைக்கல் நட்ட நிலம். பச்சையாக இருந்தால் ஒருபடி குறைந்தது. வான்படத்தைக் கொண்டு வரையறுத்த பயன்பாட்டு உரிமை. கறுப்பாக இருந்தால் அதனினும் குறைந்தது. எல்லை துல்லியமாகக் குறிக்கப்படாதது. நீலமாக இருந்தால் நிலச்சீர்திருத்தத்தின்கீழ் வேளாண்மைக்கென்று தரப்பட்ட நிலம். இவை எவையும் இல்லாமல், "எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து இங்கே இருக்கிறோம்" என்னும் ஒரே சான்றோடு வாழ்வோரும் உண்டு. ஒரே தெருவில், ஒரே அளவு வீடுகளில் வாழும் நால்வரின் நிலை, கருடனின் நிறத்துக்கேற்ப நால்வகையாக வேறுபடும். கண்ணுக்குத் தெரியும் சுவர் ஒன்றே. காணாத அடித்தளம் வேறு.

அந்த வேறுபாடு ஒரு நாள் காலையில் வெட்டவெளியாயிற்று. 2004 டிசம்பர் 26. சுமத்திராவின் அருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கம் ஆழிப்பேரலையைக் கிளப்பிற்று. தமிழ்நாட்டுக் கரையையும் இலங்கைக் கரையையும் சூறையாடிய அதே அலை, தாய்லாந்தின் அந்தமான் கரையையும் தாக்கியது. அந்நாட்டில் இறந்தோர் 5,000 பேருக்கு மேல். அவருள் பெரும்பாலோர் பாங் நா மாகாணத்தில் இறந்தவர். தகுவாபா ஆற்றின் முகத்துவாரத்தில் பான் நாம் கெம் என்று ஒரு மீனவர் ஊர் உண்டு. 'உப்புநீர் ஊர்' என்று அதற்குப் பொருள். வெள்ளீயம் எடுக்க நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த மக்கள் குடியேறி உண்டான ஊர் அது. ஈயம் ஒழிந்தபின் மீன்பிடித்து வாழ்ந்தார்கள். பேரலை அவ்வூரை ஏறத்தாழத் துடைத்துவிட்டது. படகுகள் வீடுகளின்மேல் ஏறின. அலையால் கரையேறிய படகுகளில் ஒன்றிரண்டு அங்கே நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டிருக்கின்றன. அலைபோல் வளைந்த நினைவுச் சுவரும், இறந்தோர் பெயர் தாங்கிய தகடுகளும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன.

உயிர் பிழைத்தோர் முகாம்களில் தங்கினர். சில நாளில் தம் வீடு இருந்த இடத்துக்குத் திரும்பிச் சென்றனர். உறவினர் உடலைத் தேடவும், மீண்டும் குடிசை போடவும் சென்றனர். அவருள் சிலருக்கு அங்கே புதிய வேலி காத்திருந்தது. பழைய சுரங்க நிலத்துக்கு உரிமை கொண்டாடியோர், "இது எங்கள் நிலம், நீங்கள் இங்கே இருந்ததற்கு ஆவணம் உண்டா?" என்று கேட்டனர். ஆவணம் எங்கே இருக்கும்? சிலருடையதை அலை கொண்டுபோயிற்று. சிலரிடம் எந்நாளும் இருந்ததில்லை. வீடு நின்றவரை யாரும் கேளாத கேள்வி, வீடு விழுந்த மறுநாள் எழுந்தது. அலை செங்கல்லை மட்டும் கொண்டு போகவில்லை. இருப்பின் சான்றையும் கொண்டு போயிற்று. அக்கரையில் நெடுங்காலமாக வாழும் மொக்லன் என்னும் கடலோடிக் குலத்தாருக்கும் இதே இடர் நேர்ந்தது. கடலைத் தாயாகக் கொண்ட அவர்களுக்குத் தரையின் பத்திரம் ஒரு பொருளாகத் தோன்றியதே இல்லை.

அப்போது அம்மக்கள் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று, அரசாங்கமும் அறநிலையங்களும் கடலுக்கு அப்பால் கட்டிக்கொடுக்கும் புதிய காரை வீட்டை ஏற்பது. அவ்வீடு உறுதியானது, அலை எட்டாதது. ஆனால் படகுத்துறை தொலைவில் போய்விடும். படகைக் கண்பார்வையில் வைத்திருக்க முடியாது. வலையை உலர்த்த இடம் இராது. நள்ளிரவில் காற்று மாறினால் ஓடிச்சென்று கயிற்றை இறுக்க முடியாது. மற்றொன்று, பழைய இடத்துக்கே போய்க் கூடாரம் அடித்து, உரிமைக்காக நின்று பேசுவது. பலர் முதல் வழியைத் தேர்ந்தனர்; அவர்கள் அச்சத்தை யார் குறை சொல்ல முடியும்? சில சமுதாயத்தார் இரண்டாம் வழியைத் தேர்ந்தனர். தனித்தனியே சென்றவரல்லர், ஊராகச் சென்றனர். யார் வீடு எங்கே இருந்தது, எந்தத் தென்னை எவருடையது, கிணறு எங்கே என்று நினைவிலிருந்தே ஊரின் படத்தை வரைந்தனர். அந்தப் படமே அவர்களுடைய முதல் ஆவணமாயிற்று.

அவர்களுக்குத் துணையாக நின்ற ஏற்பாடு ஒன்றை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. 2003 இல் தாய்லாந்து அரசாங்கம் 'பான் மங்கோங்' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'உறுதியான குடியிருப்பு' என்பது அதன் பொருள். அரசாங்கமே வீட்டைக் கட்டி ஏழையின் கையில் சாவியைக் கொடுக்கும் திட்டம் அன்று அது. முதலில் ஊரார் ஒன்றுகூடிச் சேமிப்புக் குழு அமைக்கவேண்டும். பிறகு நிலத்துக்காக உரியவரோடு பேசவேண்டும். நிலத்தை விலைக்கோ குத்தகைக்கோ குழுவாகப் பெறவேண்டும். அதன்பின்பே தெருவையும் வடிகாலையும் வீட்டையும் தாமே திட்டமிட்டுக் கட்டிக்கொள்ளலாம். கடனும் மானியமும் குழுவின்வழி வரும். நிலத்துக்கு இருவர் வழக்காடும் இடத்தில் நிலத்தையே பகுத்துக்கொள்ளும் முறையும் உண்டு: ஒரு பகுதி உரிமை கோருவோருக்கு, ஒரு பகுதி குடியிருப்போருக்கு. ஆழிப்பேரலைக்குப் பின் அந்தமான் கரையின் சில ஊர்களில் இம்முறையால் மக்கள் தம் பழைய மண்ணில் கால் ஊன்றினர். முழுவதும் பெற்றார்கள் என்று சொல்லமாட்டேன். பாதியைப் பெற்றவரும் உண்டு. நெடுநாள் நீதிமன்றப் படி ஏறினவரும் உண்டு. ஆனால் தனியே நின்றவனைவிடக் கூடி நின்றவன் மிகுதியாகப் பெற்றான் என்பதில் ஐயமில்லை.

குழுவாக நிலம் வைத்திருப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. சுற்றுலா வளரும் கடற்கரையில் நிலத்தின் விலை ஏறும். தனி ஏழை ஒருவனிடம் பத்திரம் இருந்தால், மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அதை விற்றுவிட நேரும். விற்ற பணம் கரைந்துவிடும். ஊர்க்குழுவின் பெயரில் இருக்கும் நிலம் அவ்வளவு எளிதில் கைமாறுவதில்லை. இதில் குறை சொல்வோரும் உளர். "என் நிலத்தை நான் நினைத்தபோது விற்க முடியாதென்றால் அது என்ன உரிமை?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் இழக்கத் தெரிந்த உரிமையைவிட, இருக்கத் தெரிந்த உரிமை ஏழைக்குப் பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடலருகே மீண்டும் குடியேறினோரின் பாதுகாப்பு என்ன ஆவது என்று நீங்கள் கேட்கலாம். அதையும் அவர்கள் எண்ணாமல் இல்லை. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. ஓடி ஏறும் வழிகள் குறிக்கப்பட்டன. ஊரார் பயிற்சி பெற்றனர். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவின் அருகே மீண்டும் பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்தபோது, அந்தமான் கரை மக்கள் திரண்டு மேட்டுநிலம் சென்றனர். அன்று பேரலை வரவில்லை. ஆனால் வீட்டின் வலிமை சுவரில் மட்டும் இல்லை, அண்டை வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பும் கையிலும் இருக்கிறது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தார்கள்.

அவ்வூர்களில் பல வீடுகளின் முன்பும் ஒரு தூணின்மேல் சிறிய மாடம் ஒன்று நிற்பதைக் கண்டேன். அது அந்த நிலத்தின் காவல் தெய்வத்துக்குக் கட்டிய வீடு. மனிதன் தன் வீட்டைக் கட்டும்போது, அந்த மண்ணில் தனக்கு முன்பே இருந்தவரை வெளியேற்றிவிடாமல் அவருக்கும் ஓர் இடம் தருகிறான். நம்பிக்கை எவ்வாறாயினும் அதன் கருத்து உயர்ந்தது: முன்பே இருந்தவருக்கு இடம் தந்த பின்பே நீ குடியேறு என்பது. நிலத்துக்கு வேலி போடுவோர் தம் வீட்டு முற்றத்திலேயே நிற்கும் இந்தப் பாடத்தைப் படித்தால் எத்தனையோ வழக்குகள் குறையும்.

மாணவர்களே, ஒரு சிறிய ஊரின் வீடுகளைச் சுற்றி வந்தோம். மரவீடு காற்றைத் தரும்; கடைவீடு நிழலைத் தரும்; காரை வீடு உறுதியைத் தரும்; வாடகை அறை போய்வரும் வசதியைத் தரும். ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கேட்கும். ஆகவே எந்த நாட்டில், எந்த ஊரில் வீடு தேடினாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மழைக்கும் வெயிலுக்கும் இந்த வீடு என்ன வழி செய்திருக்கிறது? இங்கிருந்து என் தொழில் எவ்வளவு தொலைவு? மூன்றாவது கேள்வி மிகவும் இன்றியமையாதது: 'எழுந்து போ' என்று என்னைச் சொல்ல இங்கே யாருக்கு உரிமை உண்டு, அப்படிச் சொன்னால் என்னோடு நிற்க யார் இருக்கிறார்கள்?

முதல் கேள்விக்கு விடை சொல்லக் கட்டடக்கலை உண்டு. இரண்டாவதற்கு விடை சொல்லப் பொருளாதாரம் உண்டு. மூன்றாவதற்குச் சட்டம் பாதி விடையே சொல்லும். மறுபாதியை ஊர்தான் சொல்லவேண்டும். பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் அந்தக் கரையில் குளம் வெட்டியவர்கள், நீர் நிலைத்திருக்கக் கரை மட்டும் போதாது, காப்பவரும் வேண்டும் என்று கண்டார்கள். வீட்டுக்கும் அதுவே பொருந்தும். கூரை மழையைத் தாங்கும். கூடி வாழ்வோரே வாழ்வைத் தாங்குவர்.